பந்தலின் நடுவே ஒரு விளக்கு

விஷு முடிந்த நாள்களில், எலப்புள்ளி வட்டாரத்தில் பணிபுரியும் எங்களுக்கு ஒரு காட்சி பழகிப்போனது. வெளியூர்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் விடுப்பெடுத்து வந்து கிளையில் நிற்பார்கள். "என்ன விசேஷம்?" என்று கேட்டால், "களி இருக்கிறது" என்பார்கள்.

அவர்கள் சொல்வது கண்யார்களியை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், ஆலத்தூர் வட்டங்களில், பகவதி கோயில்களைச் சார்ந்து நாயர் சமூகத்தார் ஏப்ரல், மே மாதங்களில் நிகழ்த்தும் கூத்து அது. 'தேசத்துக்களி' என்றும் அதற்குப் பெயருண்டு; தேசம் என்பது இங்கே ஊரைக் குறிக்கும். பல்லசனை, நெம்மாறை முதலிய ஊர்களில் இது சிறப்பாக நடைபெறுகிறது.

கோயில் முன்றிலில் பந்தலிட்டு, நடுவில் விளக்கேற்றுவார்கள். இரவு தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நீளும். இறவக்களி, ஆண்டிக்கூத்து, வள்ளோன், மலமக்களி எனப் பொதுவாக நான்கு இரவுகள். விளக்கைச் சுற்றி ஆடும் வட்டக்களியில் களரிப் பயிற்சியின் அடவுகளைக் காணலாம். இடையிடையே வரும் பொறாட்டு, பல்வேறு சமூகத்தாரின் வாழ்வை நகைச்சுவையுடன் காட்டும்.

தமிழ் வாசகருக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு. பாடல்களில் மலையாளத்தோடு தமிழும் கலந்து ஒலிக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், காற்றையும் வணிகத்தையும் மட்டுமா கொண்டுவந்தது? மொழியையும் பாட்டையும் சேர்த்தே கொண்டுவந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டது. பாட்டுக்கு அந்த எல்லை தெரியவில்லை.

எனினும், ஒரு கவலை உண்டு. இங்கே ஆடுவோர் கூலிக்கு வந்த கலைஞர்கள் அல்லர், ஊராரே. பாட்டும் அடவும் ஆசான்களின் நினைவிலிருந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. பயிற்சிக்கு வர இளைஞர்க்கு நாள் கிடைக்காத ஊரில், ஒரு மூத்தவர் மறைந்தால் அவரோடு சில பாடல்களும் மறைந்துவிடும். பந்தலுக்கான தொகையை நன்கொடையால் ஈட்டலாம். மறந்த பாட்டை எந்தக் கடனாலும் மீட்க இயலாது. பொறாட்டின் பழைய கேலிகள் இன்று யாரையேனும் புண்படுத்துமா என்பதையும் ஊரார் கூடிச் சிந்திப்பது நலம். மரபைக் காப்பது என்றால் அதன் குறைகளையும் காப்பது என்று பொருளாகாது.

சேமிப்பின் முதல் விதியை நாங்கள் வாடிக்கையாளர்களிடம் நாள்தோறும் சொல்கிறோம்: சிறிது சிறிதாக, இடைவிடாமல். கலைக்கும் அதுவே விதி. ஆண்டுதோறும் ஒரு சிறுவன் ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டால் போதும். அதுவே அந்த ஊரின் வைப்புநிதி.

அடுத்த விஷுவுக்குப் பிறகு இப்பக்கம் வர நேர்ந்தால், ஓரிரவு கண்விழித்துப் பாருங்கள். நுழைவுச்சீட்டு தேவையில்லை. விடியலில் விளக்கைச் சுற்றி எழும் பாட்டில், உங்களுக்குத் தெரிந்த சொல் ஒன்று நிச்சயம் காதில் விழும்.