நம் முகத்தை யார் வரைவது?



ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்களின் முகம் வெளியுலகுக்கு இரண்டு விதமாகத்தான் தெரியும். சினிமாவில் ரவுடி, செய்தியில் பாதிக்கப்பட்டவர். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, கருப்பு அப்பிய மீனவர்களின் கைகளை நாடே பார்த்தது. அந்தப் படங்கள் தேவைதான். ஆனால் எந்தப் படம், எந்தக் கோணம் என்பதைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களே முடிவு செய்தார்கள்.

இது பழைய கதை. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவரது நூலில் நம் முன்னோர் சாதிவாரியாக அடுக்கப்பட்டார்கள். அளந்தவரின் பெயர் அட்டையில் இருக்கிறது. அளக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெயரின்றி, ஒரு சாதியின் மாதிரியாக நிற்கிறார்கள்.

தன்னுருவப் படம் என்ற கலைவடிவத்தை இந்த இடத்திலிருந்துதான் நாம் பார்க்க வேண்டும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் (1867–1945). பெர்லினின் தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவரான கணவருடன் வாழ்ந்த அவர், நெசவாளர் எழுச்சியையும் உழவர் போரையும் அச்சோவியத் தொடர்களாகச் செய்தார். பிறரது துயரத்தை வரைந்த அதே கையால் தன் முகத்தையும் நூறு முறைக்குமேல் வரைந்தார், செதுக்கினார். 1914இல் இளைய மகன் பீட்டரைப் போரில் இழந்தார். 1933இல் நாஜிகள் அவரைப் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1938இல் செய்த கல்லச்சுப் படத்தில் தளர்ந்த முதியவராகப் பக்கவாட்டில் தெரிகிறார். தன்னை அழகாக்கவில்லை, இரக்கமும் கேட்கவில்லை.

அவர் அச்சைத் தேர்ந்தெடுத்ததிலும் அரசியல் உண்டு. வண்ண ஓவியம் ஒன்றுதான் இருக்கும். வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும். அச்சு பல பிரதிகளாகக் குறைந்த விலையில் பலர் கைக்குப் போகும். மரச்செதுக்கில், செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாகும். விட்டுவைத்த மேடு மையை ஏந்தும். கண்ணாடியைப் பார்த்துக் கட்டையில் வரையும் முகம் இடவலம் மாறியிருக்கும். அச்சிடும்போது அது மறுபடியும் திரும்பும். ஆகவே பிறர் காணும் நம் முகமே தாளில் பதிகிறது. அதைச் செதுக்கியதோ நம் கை.

இந்தியாவில் நாக்பூரின் தலித் ஓவியர் சவி சாவர்க்கர், கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டப்பட்ட மனிதரை உலோகத் தகட்டில் பொறித்து அச்சிட்டார். பேஷ்வா ஆட்சியின் இழிவைச் சுமந்த சமூகம், அதைத் தன் கையாலேயே வரைந்து காட்டியது.

இதற்குப் பெரிய கூடம் வேண்டாம். ஒரு லினோலியத் துண்டு, செதுக்குக் கத்தி, அச்சு மை, தாளின் பின்புறம் தேய்க்க ஒரு கரண்டி போதும். துறைமுகத்திலும் ஆலையிலும் உழைப்பவர்களின் பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தாங்களே அச்சிடட்டும். தர்ஸ்டன் சாதியை எழுதிய இடத்தில், படத்தின் கீழே அவரவர் பெயரை எழுதட்டும்.