கூப்பிட ஒரு அம்மா... சண்டை போட ஒரு தம்பி! காப்பகப் பிள்ளைக்கும் வீடு கிடைக்க வழி இருக்கு

புதுச்சேரி:-

பள்ளிக்கூடம் விட்டதும் பை ஒரு மூலை, செருப்பு ஒரு மூலை. "அம்மா, பசிக்குது" என்று ஒரு சத்தம். வில்லியனூர், பாகூர் பக்கம் சாயங்காலம் வீட்டுக்கு வீடு கேட்கிற சத்தம்தான் இது.

ஆனால், அப்படிக் குரல் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகளும் உண்டு. தாய்-தகப்பனைப் பறிகொடுத்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், வீட்டில் அடி-உதை தாங்காமல் மீட்கப்பட்டவர்கள்.

அவர்களுக்குச் சோறு போட்டு, சட்டை கொடுத்து, பள்ளிக்கு அனுப்பி விட்டால் கடமை முடிந்ததா?

முடியாது! வேறு ஒன்றும் வேண்டும். அதுபற்றிய விவரம் வருமாறு:-

அக்காள் வளர்த்த தம்பி

ஆஸ்திரியா நாட்டுக்காரர் ஹெர்மன் கெமைனர். சின்ன வயசிலேயே தாயை இழந்தவர். அவரை வளர்த்து ஆளாக்கியது மூத்த அக்காள்.

2-வது உலகப்போர் முடிந்து அனாதைகளாக நின்ற பிள்ளைகளுக்காக, 1949-ல் இம்ஸ்ட் என்ற ஊரில் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமத்துக்கு அவர் அடித்தளம் போட்டார். அவர் கேட்டது நாலே நாலு: ஒரு தாய், உடன்பிறப்புகள், ஒரு வீடு, சுற்றிலும் ஒரு கிராமம்.

இந்தியாவில் இந்த அமைப்பு 1964-ல் தொடங்கியது. புதுச்சேரியிலும் இதன் கிராமம் உண்டு.

இங்கே நீளமான கூடத்தில் வரிசையாகப் பாய் விரிப்பது கிடையாது. தனித்தனி வீடு. வீட்டுக்கு ஒரு அம்மா. சமையலும் அவர்தான், செலவுக் கணக்கும் அவர்தான். கூடப் பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒன்றாக வைப்பது முக்கிய விதி.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? பெரிய விடுதியில் சாம்பார் அண்டாவில் வரும். பருப்பு என்ன விலை என்று பிள்ளைக்குத் தெரியாது. வீடாக இருந்தால், "கால் கிலோ பருப்பு வாங்கிட்டு, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிட்டு வா" என்று கடைக்கு அனுப்புவார்கள். அதுதான் கணக்குப் பாடம்!

பல்லாங்குழி கணக்கு

விளையாட்டும் படிப்புதான். பல்லாங்குழியில் 14 குழி. கையில் அள்ளிய முத்து எந்தக் குழியில் தீரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாக வேண்டும். பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் நிற்கப் பழகணும். கபடியில் தோற்றால் வெளியே போய் உட்காரணும். தோல்வியைத் தாங்குவதும் ஒரு பாடம்.

மண் பொம்மைக்குப் பேர் போன ஊர் வில்லியனூர். களிமண்ணைப் பிசைந்து யானை செய்கிற விரல், நாளைக்கு பென்சிலை ஒழுங்காகப் பிடிக்கும்.

"அது என் பந்து, தர மாட்டேன்" என்று ஒரு பிள்ளை சண்டை போட்டால் சந்தோஷப்படுங்கள். 'எனக்குன்னு ஒண்ணு இருக்கு' என்ற எண்ணம் வந்துவிட்டது. எல்லாமே பொதுச் சொத்தாக இருக்கிற இடத்தில் அந்த எண்ணம் லேசில் வராது.

ருமேனியாவில் நடந்த சோதனை

சும்மா சொல்லும் பேச்சல்ல இது. ருமேனியா நாட்டில் அரசு காப்பகங்களில் ஆயாக்கள் ஷிப்டு முறையில் மாறி மாறி வந்தார்கள். குழந்தைக்கு நிலையான முகமே இல்லை.

2000-ம் ஆண்டுவாக்கில் விஞ்ஞானிகள் அங்குள்ள 136 குழந்தைகளை எடுத்துக் கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். நாலரை வயசில் அறிவுத் திறனைச் சோதித்தபோது, குடும்பத்தில் வளர்ந்தவர்கள் சராசரி 81. மற்றவர்கள் சராசரி 73! இரண்டு வயசுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். 2007-ல் இந்த முடிவு வெளியானது.

நீங்களும் வளர்க்கலாம்

தத்து எடுப்பது வேறு. வளர்ப்புப் பெற்றோராக இருப்பது வேறு. தத்து எடுத்தால் சட்டப்படி சொந்தப் பிள்ளை. வளர்ப்பு என்றால், குழந்தைகள் நலக்குழுவின் கண்காணிப்பில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் வீட்டில் வளரும் பிள்ளை. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது.

2024-ல் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. 6 வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தம்பதிகள் மட்டுமல்ல, கல்யாணம் ஆகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்து ஆனவர்களும் வளர்க்கலாம். தனி ஆண் என்றால் பையனை மட்டும்தான். 2 வருஷம் வளர்த்து மனசு ஒட்டிப் போனால், தத்து எடுக்கவும் கேட்கலாம். மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் ரூ.4 ஆயிரம் உதவியும் உண்டு.

கைக்குழந்தை என்றால் தத்து எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். 8 வயசு, 10 வயசுப் பிள்ளையைத்தான் கேட்பார் இல்லை. இந்த விதி அவர்களுக்காகத்தான்.

ஜாக்கிரதை!

குறுக்கு வழி வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் புரோக்கரிடம் பேசிப் பிள்ளை வாங்கினால் ஜெயில்தான். முறைப்படி இல்லாமல் தத்து கொடுத்தாலும் வாங்கினாலும் 3 வருஷம் வரை சிறை. விற்றாலும் வாங்கினாலும் 5 வருஷம் வரை கடுங்காவல். பதிவு செய்யாமல் காப்பகம் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது ரூ.1 லட்சத்துக்குக் குறையாத அபராதம். காப்பகத்தில் பிள்ளையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று பிரம்பெடுத்தாலும் குற்றம்.

18 முடிந்தால்?

18 வயசு முடிந்ததும் பிள்ளை காப்பகத்தை விட்டு வெளியேற வேண்டும். அதன் பிறகு 21 வயசு வரை உதவி செய்ய சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால், பொங்கலுக்கு "எப்பப்பா வர்றே?" என்று கேட்க ஒரு வீடு வேண்டாமா? அதை அரசாங்க உத்தரவால் கொடுக்க முடியாது.

ஊர் சேர்ந்து பிள்ளைகளைக் கவனிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிசும் இல்லை. 9-ம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், பாகூர் கல்விச்சாலைக்கு 3 கிராமங்களை எழுதிவைத்தார்கள். பாகூர் செப்பேடு அதற்குச் சாட்சி.

இன்றைக்கு யாரும் கிராமம் கேட்கவில்லை. ஒரு தட்டு, ஒரு பாய், ராத்திரி வீட்டுப்பாடம் பார்க்க அரைமணி நேரம். விருப்பம் உள்ளவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். ஆதரவற்ற பிள்ளையை எங்கே பார்த்தாலும் 1098-க்கு போன் போடுங்கள். காசு கிடையாது, ராத்திரி-பகல் எந்நேரமும் பேசலாம்.