முகாமையாளரும் அறப்பொறுப்பும்

வாணிக நிறுவனமொன்றின் பொறுப்பு எதுவரை செல்லும் என்னும் வினாவுக்கு முகாமையாளர் யாவரும் ஒரே விடை கூறுவதில்லை. சட்டத்தை மீறாதிருத்தலே போதுமென்பர் சிலர். சட்டம் அறத்தின் கீழெல்லை மட்டுமே என்பர் வேறு சிலர். இவ்வேற்றுமைக்கு அவரவர் குணமே காரணமெனப் பலரும் கருதுவர். ஆயின், ஒருவர் வகிக்கும் பதவியும் அவர் பார்வையை உருவாக்க வல்லது. டெனிஸ் ஜோயா என்பாரின் அனுபவம் இதனை நன்கு புலப்படுத்தும்.

அமெரிக்காவின் போர்ட் கம்பனி 1970ஆம் ஆண்டில் பின்ரோ என்னும் சிறிய மோட்டார் வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. எடை 2,000 இறாத்தலுக்கும் விலை 2,000 டொலருக்கும் மேற்படலாகாதென்பது கம்பனியின் குறிக்கோள். பெற்றோல் தாங்கி பின்னச்சுக்கு அப்பால் அமைந்திருந்தமையின், பின்புறம் வேறொரு வண்டி மோதினால் அது உடைந்து தீப்பற்றும் அபாயம் இருந்தது. பின்புற மோதல் பற்றிய அரசின் விதியோ 1977ஆம் ஆண்டு வண்டிகள் முதலாகவே நடைமுறைக்கு வந்தது. ஆகவே, முன்னைய வண்டிகளின் அமைப்பு அவ்விதிக்கு உட்படவில்லை.

கம்பனிகளின் ஒழுக்கத்தைக் குறைகூறி வந்த இளைஞரான ஜோயா, 1972இல் அங்கே சேர்ந்தார். மறு ஆண்டு, குறைபாடுள்ள வண்டிகளை மீள அழைக்கும் பணியின் இணைப்பாளரானார். தீவிபத்து அறிக்கைகள் அவரிடம் வந்தன. எரிந்த வண்டியொன்றையும் அவர் நேரிற் கண்டார். எனினும், மீள அழைக்க வேண்டியதில்லையென்றே வாக்களித்தார். அவர் இரக்கமற்றவர் அல்லர். தாமும் பின்ரோ வண்டியையே செலுத்தியவர். ஆனால், குவிந்து கிடந்த முறைப்பாடுகளைத் தெரிந்தெடுக்க அலுவலக வழக்கம் இரண்டு வினாக்களையே தந்திருந்தது. விபத்து அடிக்கடி நிகழ்கின்றதா? குறித்த ஓர் உறுப்பின் பழுது அதற்குக் காரணமா? இவ்விரண்டுக்கும் பின்ரோ உட்படவில்லை. உயிரைக் காக்கும் கடமை யாது என்னும் வினா அங்கு எழவேயில்லை.

1978இல் ஏறத்தாழ 15 இலட்சம் வண்டிகள் மீள அழைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே இந்தியானா மாநிலத்தில் பின்ரோவிற் சென்ற இளம்பெண்கள் மூவர் தீயில் மாண்டனர். கம்பனிமீது குற்றவழக்குத் தொடரப்பட்டது. 1980இல் யூரிமார் அதனைக் குற்றமற்றதெனத் தீர்த்தனர்.

1975இற் பதவி நீங்கிப் பல்கலைக்கழக ஆசிரியரான ஜோயா, 1992இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் தம் செயலைத் தாமே ஆராய்ந்தார். பதவியிலிருந்தபோது அறப்பிரச்சினையாகவே தோன்றாத அவ்விடயம், விலகியபின் தாம் நிறைவேற்றத் தவறிய கடமையாக அவருக்குத் தோன்றிற்று. ஆகவே, நல்லோரைப் பதவியில் அமர்த்துதல் மட்டும் போதாது. அப்பதவி நாள்தோறும் அவரிடம் கேட்கும் வினாக்களில் மனித உயிர் பற்றிய வினாவும் இடம்பெறல் வேண்டும்.