சிற்றிரயிலின் செவி

குடிகாட்டார் நன்கறிந்த கடலூர்–சிதம்பரம் இருப்புப்பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். ஜப்பானில் காட்டோ நிறுவனத்தார் 1965ஆம் ஆண்டு முதல் செய்துவரும் சிறுவடிவ இரயிலின் பாதையோ 9 மில்லிமீட்டரே. பழைய முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தமே வேகத்தை வகுத்தலின், ஒரே பாதையில் நிற்கும் எஞ்சின்கள் இரண்டும் ஒருங்கே ஓடும். இக்குறையை நீக்குவது டிகோடர் என்னும் நுண்கருவி. தண்டவாளம் மின்சாரத்தோடு கட்டளையையும் சுமந்துவர, மேய்ப்பன் குரலறிந்த ஆடு போல, அது தன் எண்ணுக்குரிய கட்டளையை மட்டும் ஏற்று மோட்டாரை இயக்கும்.

இதனைப் பொருத்துவோர், முதற்கண் மோட்டாரின் இரு முனைகளையும் தண்டவாளத் தொடர்பினின்று முற்றும் பிரித்தல் வேண்டும். உலோகச் சட்டமே மின்வழியாகவும் அமைந்த இவ்வெஞ்சின்களில், ஒரு முனை அதனைத் தொடினும் டிகோடர் கருகிவிடும். ஆதலின் காப்பு நாடா இட்டுச் சோதித்த பின்னரே மின்சாரம் செலுத்துக. புதிய குரலைக் கேட்குமுன் பழைய பிணைப்பு அறல் வேண்டும் என்பதை இச்சிறு பொறியினின்று யாம் கற்கின்றோம்.