'கய்': ஓர் இயற்பெயர் பொதுச்சொல்லான வரலாறு

ஆங்கிலப் புதினம் ஒன்றின் தமிழாக்கக் கைப்படியை மேற்பார்வையிடும் வாய்ப்பு அண்மையில் இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. மூலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எழுதப்பட்டது. அதில் புதிய தொப்பியணிந்து கண்ணாடிமுன் நிற்கும் பெண்ணொருத்தி, தான் ஒரு 'கய்' போல இருப்பதாகக் கூறி வருந்துகிறாள். (தமிழில் 'கை' என எழுதின் உறுப்பின் பெயராகிவிடும், ஆதலின் ஈண்டு 'கய்' எனவே எழுதப்படுகிறது.) மொழிபெயர்ப்பாளர், தான் ஆண்பிள்ளையைப் போல இருப்பதாக அவள் வருந்துவதாகப் பெயர்த்திருந்தார். இற்றை நாள் வழக்கை நோக்க இதில் குற்றமில்லை. அப்புதினத்தின் காலத்தையும் இடத்தையும் நோக்கினால் பெரும்பிழை. அவளுடைய கவலை ஆண்தோற்றம் பற்றியதன்று, அலங்கோலம் பற்றியது. இப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதை விளக்க அச்சொல்லின் வரலாற்றையே சொல்ல வேண்டியதாயிற்று.

'கய்' என்பது முதலில் ஓர் ஆடவரின் இயற்பெயர். செருமானியக் கிளைமொழிகளில் 'விடோ' என வழங்கிய பெயர் பிரெஞ்சில் 'கி' என்றும் இத்தாலியத்தில் 'கீதோ' என்றும் ஆயிற்று. செருமானியச் சொற்களின் முதலிலுள்ள வகரம் பிரெஞ்சில் ககரமாவது அறியப்பட்ட ஒலிமாற்றம். தமிழரும் நன்கறிந்த 'வார்டன்', 'கார்டியன்' என்னும் இரு சொற்களும் அம்மாற்றத்தால் பிரிந்த உடன்பிறப்புகளே. நார்மானியர் வழி இங்கிலாந்து சேர்ந்த இப்பெயர் அங்குச் சிறப்பேதுமின்றி வழங்கி வந்தது.

அதன் நிலையை மாற்றியது 1605ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நிகழ்ந்த வெடிமருந்துச் சதியாகும். கத்தோலிக்கர் சிலர் முதலாம் ஜேம்ஸ் மன்னரையும் நாடாளுமன்றத்தையும் ஒருங்கே தகர்க்கத் திட்டமிட்டனர். தலைவர் ராபர்ட் கேட்ஸ்பி. ஆயினும், பிரபுக்கள் அவையின் அடியிலிருந்த நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்துக்குக் காவலிருந்து பிடிபட்டவர் கய் ஃபாக்ஸ். 1570இல் யார்க் நகரில் பிறந்து, ஸ்பானியப் படையில் பணிபுரிந்து, தம்மைக் 'கீதோ' என்றும் அழைத்துக்கொண்டவர் அவர். பிடிபட்டபோது தம் பெயர் ஜான் ஜான்சன் எனப் பொய் கூறினார். மறைக்க முயன்ற பெயரே பின்னர் மொழி முழுவதும் பரவியது. 1606 ஜனவரி 31 அன்று அவர் கொல்லப்பட்டார்.

அவ்வாண்டிலேயே நவம்பர் 5ஆம் நாளை நன்றி செலுத்தும் நாளாகக் கொண்டாடச் சட்டம் இயற்றப்பட்டது. 1859 வரை அது நடைமுறையில் இருந்தது. அந்நாளில் தீ மூட்டி உருவப்பொம்மை எரிக்கும் வழக்கமும் வேரூன்றியது. தொடக்கத்தில் பெரும்பாலும் எரிக்கப்பட்டது போப்பாண்டவரின் உருவம். பின்னரே ஃபாக்சின் உருவம் அவ்விடத்தைப் பிடித்தது. கந்தல் துணியில் வைக்கோல் திணித்து, கிழிந்த தொப்பி சூட்டி, சிறுவர் தெருத்தெருவாக இழுத்துச் சென்று காசு கேட்பர். நம் நாட்டில் மழை பொய்த்த காலத்தில் ஊர்த்தெருக்களில் இழுக்கப்பட்ட கொடும்பாவியை இதனோடு ஒப்பிடலாம். நோக்கம் வேறு, கோலம் ஒன்று. இப்பொம்மைக்குக் 'கய்' என்னும் பெயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே எழுத்தில் காணப்படுகிறது. ஒருவர் பெயர் அவரைப்போலச் செய்த உருவுக்கு ஆகி வந்தது. பின்னர், அவ்வுருவை ஒத்த கோலமுடைய எவருக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அது வழங்கலாயிற்று. இரண்டாவது மாற்றத்தை உவமையாகுபெயர் எனக் கொள்ள நம் இலக்கணம் இடந்தரும். 1830களில் இப்பொருள் பதிவாகியுள்ளது. எள்ளி நகையாடுதல் என்னும் வினைப்பொருளும் இதிலிருந்தே கிளைத்தது. தொப்பியணிந்த பெண் சொன்னது இந்தக் 'கய்'.

கூடாரத்தையும் கம்பத்தையும் இழுத்துக்கட்டும் கயிற்றுக்கும் ஆங்கிலத்தில் 'கய்' என்ற பெயருண்டு. அது வேறு பிறப்புடைய சொல். கப்பலோட்டிகளின் வழக்கிலிருந்து வந்தது. நம் 'கயிறு' என்பதனோடு அதனை முடிச்சுப்போட எவரும் முற்படாதிருப்பாராக.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அங்கு 'கய்' என்பது இகழ்ச்சியின்றி 'ஆள்' என்னும் பொருளில் வழங்குவதைக் காண்கிறோம். அலங்கோலம் எங்குப் போயிற்று? குடியேற்றக் காலத்தில் பாஸ்டன் நகரில் நவம்பர் 5 போப்பாண்டவர் நாளாகக் கொண்டாடப்பட்டது. 1775இல் ஜார்ஜ் வாஷிங்டன் தம் படையினர் அதனைக் கொண்டாடலாகாதெனத் தடைசெய்தார். விடுதலைக்குப்பின் அவ்விழா தேய்ந்தது. பொம்மையைக் கண்டிராத மக்களிடம் சொல் சேர்ந்தபோது உவமைக்குப் பற்றுக்கோடு இல்லாது போயிற்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இழிபொருள் உதிர்ந்து பொதுப்பொருட்பேறு எய்தியதற்கு இதனினும் எளிய விளக்கம் தென்படவில்லை. 1950இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'கய்ஸ் அண்ட் டால்ஸ்' என்னும் இசை நாடகத்தின் தலைப்பில் அச்சொல் பெண்டிருக்கு எதிரிடையான ஆடவரை மட்டுமே சுட்டுகிறது.

அதன்பின் நிகழ்ந்ததே மொழியியலார்க்கு மிக்க சுவையுடையது. ஆங்கிலம் 'தவ்' என்னும் முன்னிலை ஒருமையைப் பொதுவழக்கில் இழந்து, 'யூ' ஒன்றையே ஒருவர்க்கும் பலர்க்கும் வழங்குகிறது. இழந்த வேறுபாட்டை மீட்கத் தென்மாநிலத்தார் 'யால்' என்றனர். பிறர் 'யூ கய்ஸ்' என்றனர். இப்பன்மையில் ஆண்பாற்பொருள் மங்கியது. மகளிர் மட்டுமே கூடியுள்ள குழுவையும் மகளிரே இவ்வாறு விளிப்பர். ஆனால் ஒருமையில் 'எ கய்' என்றால் இன்றும் ஆடவனே. பால் உணர்த்தும் பண்பு முன்னிலைப் பன்மையில் மறைந்து படர்க்கை ஒருமையில் எஞ்சி நிற்கிறது. ஆடவர்ப்பெயர் அனைவர்க்கும் பொதுப்பெயராகலாமா என மகளிர் பலர் எழுப்பும் வினா இதன் விளைவு. அதனை வெறும் சொற்பூசல் எனத் தள்ளுதல் முறையன்று.

இவையெல்லாம் தமிழுக்குப் புதியன அல்ல. 'பத்துப் பேர்' என்னுமிடத்துப் 'பெயர்' ஆளைக் குறிக்கிறது. 'ஆசாமி' என்பதும் அரபு மொழியில் 'பெயர்' எனப் பொருள்படும் 'இஸ்ம்' என்பதன் பன்மை வடிவிலிருந்து, பாரசீகமும் இந்துஸ்தானியும் வழியாக நம்மை வந்தடைந்ததே. மாறாக, 'எட்டப்பன்' என்னும் பெயர் காட்டிக்கொடுப்பவன் என்னும் இழிபொருளில் இறுகிவிட்டது; கட்டபொம்மன் கதை சொல்லப்படும்வரை அப்பெயர் வெளிறுதல் அரிது. முன்னிலைப் பன்மையிலும் நமக்கு அதே இடர் உண்டு. 'நீங்கள்' மரியாதை ஒருமைக்கும் உரியதாகிவிட்டமையின், பலரை விளிக்கப் பேச்சில் 'நீங்கள்லாம்' என நீட்டுகிறோம். தோழியர் தமக்குள் 'வாங்கப்பா, போகலாம்' என்பதில் தந்தையுமில்லை, ஆடவருமில்லை. 'யூ கய்ஸ்' என்பதற்கு அகராதி தரும் எச்சொல்லினும் இந்த 'அப்பா' நெருங்கிய நிகரன் எனலாம்.

எனவே மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைக் கண்டவுடன் மூலநூலின் ஆண்டையும் ஊரையும் நோக்குதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தாயின் 'ஆள்' என்பது பெரும்பாலும் பொருந்தாது. இன்றைய அமெரிக்க உரையாடலாயின் ஒருமைக்கு 'ஆள்' அல்லது 'பையன்' போதும். 'ஆசாமி' சற்றே எள்ளல் கலந்தது. விளியாயின் பல இடங்களில் தனிச்சொல்லே வேண்டா. வினைமுற்றின் பன்மை விகுதியே அதனை ஏற்கும்.

ஃபாக்சின் முகம், 1982இல் வெளிவரத் தொடங்கிய 'வி ஃபார் வெண்டெட்டா' என்னும் சித்திரக்கதையின் வழியாக மீண்டது; 2008 முதல் உலகெங்கும் எதிர்ப்பாளர் அம்முகமூடியை அணிகின்றனர். முகமூடிக்குள்ளிருந்து 'கய்ஸ்' என்று தோழரை விளிப்போருள் எத்தனை பேர் இரண்டும் ஒருவர் உடைமை என அறிவர்?

கைப்படிக்கு மீள்வோம். 'கொடும்பாவி' என்னலாம் என முதலில் கருதினேன். தன்னைத்தானே நகையாடும் பெண்ணின் வாயில் அது மிகக் கடுமையாக ஒலிக்கும் என மொழிபெயர்ப்பாளர் மறுத்தார். அவர் கூறியது சரி. 'கோமாளி' என்றால் கந்தலும் வைக்கோலும் போய்விடுகின்றன. 'சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருக்கிறேன்' என இறுதியில் எழுதினோம். எரிப்பதும் நவம்பரும் விடுபட்டன. தொப்பி மட்டும் தப்பியது.