ஆமைக்குஞ்சு வாங்கும் முன்: சட்டம், சான்று, உடல்நலம்

வீட்டில் வளர்க்க ஆமைக்குஞ்சு தேடுபவர்கள் பெரும்பாலும் விலையையும் விற்பவரின் பேச்சையும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். இந்தியாவில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த ஆமை எந்த இனம்? சில இனங்களை வைத்திருப்பதே சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வேறு சிலவற்றை உரிய ஆவணங்களோடு வாங்கிப் பதிவு செய்து வளர்க்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல் பணம் கொடுப்பவர், ஆமையையும் பணத்தையும் இழப்பதோடு வழக்கையும் சந்திக்க நேரிடும்.

நம் மண்ணின் ஆமைகள்

தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கரிசல் பூமியில் இருக்கிறது திருவேங்கடம். மானாவாரிக் காடுகளும், உடையும் கள்ளியும் மண்டிய தரிசுகளும், மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் ஓடைகளும் கொண்ட இத்தகைய வறண்ட நிலமே நட்சத்திர ஆமைக்கு ஏற்ற வாழிடம். தென்கிழக்கு இந்தியா, இந்தியாவின் வடமேற்கும் அதை ஒட்டிய பாகிஸ்தானும், இலங்கை ஆகிய மூன்று பகுதிகளில் மட்டுமே இந்த இனம் இயற்கையாக வாழ்கிறது. அதன் ஓட்டில் கருமையான ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். அதிலிருந்து மஞ்சள் கோடுகள் கதிர்களாக விரியும். காய்ந்த புல்லுக்கு நடுவே ஆமையை மறைத்துக் காப்பாற்றும் இந்தக் கோலமே கடத்தல்காரர்களின் கண்ணையும் ஈர்க்கிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை நீண்டகாலம் நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், அதை முதல் அட்டவணைக்கு உயர்த்தியது. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குறைந்தபட்ச சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட குற்றம் என்பதால், வனத்துறையிடம் இணக்கக் கட்டணம் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆமையைக் கொண்டு செல்லப் பயன்பட்ட வண்டியும் பறிமுதலாகும்.

“காட்டில் பிடித்ததில்லை, பண்ணையில் பொரித்தது” என்பது விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அது சட்டத்தின் முன் எடுபடாது. முதல் அட்டவணை விலங்கு, பிடித்து அடைக்கப்பட்டதானாலும் அடைப்பில் பிறந்ததானாலும், சட்டத்தின் பார்வையில் ஒன்றே. ஆகவே, நட்சத்திர ஆமையைச் செல்லப்பிராணியாக விற்கும் ‘நம்பகமான பிரீடர்’ என்று இந்தியாவில் எவரும் இருக்க முடியாது.

இந்தப் பாதுகாப்பு நட்சத்திர ஆமையோடு நிற்பதில்லை. கண்மாயிலும் கிணற்றிலும் காணப்படும் பாலாமையும் முதல் அட்டவணையைச் சேர்ந்ததே. பின்னங்கால்களை உள்ளிழுத்ததும் அடியோட்டின் தோல் மடிப்பு மூடிபோல் அவற்றை மறைத்துக்கொள்வது அதன் அடையாளம். கிணறு தூர்வாரும்போது கிடைத்த ஆமையைத் தொட்டியில் விட்டு வளர்ப்பதும் இச்சட்டத்தின் கீழ் வரும்.

கடத்தல் ஏன் இத்தனை கேடு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பயப்படுபவர்களும், ஆமை வளர்த்தால் செல்வம் சேரும் என்று நம்பி வாங்குபவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். முதல் நம்பிக்கையால் ஆமைக்குக் கெடுதல் அதிகமில்லை. இரண்டாவது நம்பிக்கை உள்நாட்டுச் சந்தையை வளர்க்கிறது. வெளிநாடுகளில் செல்லப்பிராணிகளுக்குள்ள கிராக்கி அதைவிடப் பெரியது. இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்திலிருந்து மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்பட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. இதையடுத்து, அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் 2019 ஜெனீவா மாநாட்டில், இந்த ஆமை மிகக் கடுமையான முதல் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது.

பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் ஆகும். ஓர் ஈட்டுக்கு இடும் முட்டைகளும் சில மட்டுமே. பொரிக்கும் குஞ்சுகளில் பலவற்றைக் கீரியும் காக்கையும் தின்றுவிடும். இத்தனை மெதுவாகப் பெருகும் இனத்திலிருந்து வளர்ந்த ஆமைகளை எடுத்துவிட்டால், அந்தத் தரிசில் அவை மீண்டும் தழைப்பது அரிது. கடத்தப்படும் ஆமைகள் கால் நீட்ட முடியாதபடி துணியில் சுற்றப்பட்டு, பயணப் பெட்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. நீரும் காற்றும் இன்றி வழியிலேயே பல இறந்துபோகும். பிழைத்து வருபவை சளித்தொற்றும் குடற்புழுவும் சுமந்து வருகின்றன.

வெளிநாட்டு இனங்கள்: கேட்க வேண்டிய ஆவணங்கள்

இந்தியச் செல்லப்பிராணிச் சந்தையில் விற்கப்படும் வெளிநாட்டு நில ஆமைகளில் ஒன்று ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சல்காட்டா. உலகின் நில ஆமைகள் அனைத்தும் சைட்டீஸ் பட்டியலில் இருப்பதால், சல்காட்டாவும் திருத்தப்பட்ட சட்டத்தில் சைட்டீஸ் இனங்களுக்கென உள்ள நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. அதை வைத்திருப்பவர், கைமாற்றுபவர், குஞ்சு பொரிக்கச் செய்பவர் என எல்லோரும் அரசிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். 2024 பிப்ரவரியில் வந்த பதிவு விதிகள், ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் கொடுத்தன. அது அந்த ஆண்டு ஆகஸ்ட்டோடு முடிந்தது. புதிதாக வாங்குபவர், ஆமை கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டியவை:

1. தாய், தந்தை ஆமைகள் விற்பவரின் பெயரில் பதிவாகியிருப்பதற்கான சான்று.
2. குஞ்சு பொரித்ததை வனத்துறைக்குத் தெரிவித்ததற்கான ஆவணம்.
3. பெற்றோர் ஆமைகள் நாட்டுக்குள் வந்த வழியைக் காட்டும் இறக்குமதி உரிமம், சைட்டீஸ் அனுமதி, சுங்கத் தாள்கள். அல்லது 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த தன்னார்வ அறிவிப்புத் திட்டத்தில் பெற்ற சான்று.
4. மடகாஸ்கரின் கதிர் ஆமை போன்ற சைட்டீஸ் முதல் பின்னிணைப்பு இனம் என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளர் வழங்கிய இனப்பெருக்க உரிமம்.
5. இனத்தின் அறிவியல் பெயர், பொரித்த தேதி, விலை, விற்பவரின் முழு முகவரி ஆகியவை எழுதப்பட்ட ரசீது.

கடை வைத்து விற்பவர் என்றால், 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் கடையைப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றையும் கேட்கலாம். “சர்டிபிகேட் எல்லாம் பின்னாடி வரும்”, “இதுக்கெல்லாம் பேப்பர் தேவையில்ல” என்று பேசுபவரிடம் அதோடு பேச்சை நிறுத்திவிடுவது நல்லது.

மீன் கடைக் கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு கொண்ட பச்சைக் குஞ்சு அமெரிக்காவைச் சேர்ந்த நீர் ஆமை. நில ஆமை என்று நம்பி இதை வாங்கிச் செல்பவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கடத்திவரப்படும் இந்தக் குஞ்சுகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பலமுறை பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. காசளவு இருக்கும் குஞ்சு சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிடும். அப்போது அதைக் கண்மாயிலோ, சங்கரன்கோவில் ஆவுடைப்பொய்கை போன்ற கோவில் தெப்பத்திலோ விட்டுவிட்டால், உள்ளூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

பிரீடரையும் குஞ்சையும் பார்த்து அறிதல்

ஆவணங்கள் சரியாக இருந்தால் அடுத்து நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பொறுப்பான பிரீடர் தாய் ஆமைகளையும், முட்டை அடைவைக்கும் இடத்தையும், குஞ்சுகளின் தொட்டியையும் காட்டத் தயங்கமாட்டார். ஒவ்வொரு குஞ்சுக்கும் பொரித்த தேதியும் வாராந்திர எடையும் குறித்து வைத்திருப்பார். என்ன தீவனம் தின்கிறது என்று சொல்வார். வாங்குபவரிடம் இடவசதி உண்டா, வெயில் படும் முற்றம் உண்டா என்று அவரே கேள்வி கேட்பார். வெவ்வேறு நாட்டு இனங்களை ஒரே தொட்டியில் போட்டு வைத்திருப்பவரும், பேருந்துப் பார்சலில் அனுப்பிவிடுவதாகச் சொல்பவரும் தவிர்க்க வேண்டியவர்கள்.

குஞ்சைக் கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சிய கனம் தெரிய வேண்டும். காலி டப்பாவைப் போல் லேசாக இருந்தால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது என்று பொருள். எடுத்த உடனே கால்களை உதைத்துத் தள்ள வேண்டும். கண்கள் திறந்து தெளிவாக இருக்க வேண்டும். மூக்கில் நீர்க்குமிழியோ, வாயைத் திறந்து மூச்சு வாங்குவதோ சளித்தொற்றின் அறிகுறி. பொரித்த புதிதில் ஓடு சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். சில மாதக் குஞ்சின் ஓடும் அழுத்தும்போது அமுங்கினால் சுண்ணாம்புச்சத்துக் குறைபாடு என்று அறியலாம். வயிற்றுப்புறத்தில் மஞ்சள்கரு ஒட்டியிருந்த இடம் மூடி ஆறியிருக்க வேண்டும். ஓட்டின் கட்டங்கள் கூம்புகளாகப் புடைத்திருந்தால் ஈரப்பதம் இல்லாத இடத்தில் வளர்ந்திருக்கக்கூடும். கீரை போட்டதும் தின்கிறதா என்று நின்று பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

சல்காட்டா உலகின் மிகப் பெரிய நில ஆமைகளில் ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு 40 கிலோவைத் தாண்டி வளரும். ஐம்பது ஆண்டுக்கு மேலும் வாழும். மண்ணில் ஆழக் குழி பறிக்கும். வாங்குபவருக்குப் பின் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். பாலைவன விலங்கு என்று எண்ணிக் குஞ்சை வறட்சியில் வைப்பது தவறு. அன்றாடம் கால் மணி நேரம் ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் விட வேண்டும். புல்லும், செம்பருத்தி, மல்பெரி இலைகளும் ஏற்ற உணவு. சோறும் பாலும் ரொட்டியும் ஆகாது. நேரடி வெயில் தேவை. கண்ணாடிக்குள் வரும் வெயிலில் ஓட்டை வலுவாக்கும் புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும். ஒதுங்க நிழலும் இருக்க வேண்டும். ஊர்வன சிகிச்சையில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரை வாங்கும் முன்பே தெரிந்து வைத்திருப்பது அவசியம். தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்தினர் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

ஆமையின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. குழந்தைகளுக்கு நோய் பரவியதால், 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இல் தடை விதித்தது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்; தொட்டியை அடுக்களையில் கழுவக் கூடாது; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ஆமையைக் கொடுக்கக் கூடாது.

சிக்கல் வந்தால் வழிகள்

இணையத்தில் முன்பணம் கட்டி ஏமாந்தவர் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தெரிவிக்கிறாரோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம். முறையாக ரசீதோடு வாங்கிய குஞ்சு நோயுற்றதாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் சட்டப்படி தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். மருத்துவர் சான்றும் புகைப்படங்களும் ரசீதும் கைவசம் இருக்க வேண்டும். தடைசெய்யப்பட்ட ஆமையை வாங்கியவருக்கு இந்த வழி திறக்காது. சட்டவிரோத ஒப்பந்தம் செல்லாது என்பதால் நீதிமன்றம் அதை நிறைவேற்றித் தராது.

உழவின்போதோ சாலையிலோ நட்சத்திர ஆமையைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. சாலையில் இருந்தால் அது போகும் திசையிலேயே ஓரமாக விட்டால் போதும். காயம்பட்டிருந்தால் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். எவரேனும் விற்பதை அறிந்தால் வனத்துறைக்கோ, 112 மூலம் காவல்துறைக்கோ தகவல் தரலாம். துப்புக் கிடைக்கட்டும் என்று தாமே வாங்கிப் பார்க்கக் கூடாது.

ஏற்கெனவே வீட்டில் நட்சத்திர ஆமை இருந்தால், பயந்து இரவோடு இரவாகக் காட்டில் கொண்டுபோய் விடுவது இன்னொரு தவறு. அடைப்பில் வளர்ந்த ஆமையின் நோய் காட்டு ஆமைகளுக்குத் தொற்றும். வேறு வட்டாரத்து ஆமை என்றால் மரபுக் கலப்பும் நேரும். வழக்கறிஞரின் ஆலோசனையோடு வனத்துறையிடம் தாமே முன்வந்து ஒப்படைப்பதே பொறுப்பான வழி. அறியாமல் செய்தது என்பது சட்டத்தில் தானாகவே விலக்குத் தராது. வழக்கில் கைதானவருக்குக் காரணத்தை அறியவும், உறவினருக்குத் தகவல் சொல்லவும், வழக்கறிஞரைக் கலந்து பேசவும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படவும் உரிமை உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோர் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

ஆமை மீது ஆசை கொண்ட குழந்தைகளுக்குச் சட்டப்படியான வேறு வழிகளும் உண்டு. வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்காவும், மாமல்லபுரம் சாலையில் உள்ள சென்னை முதலைப் பண்ணையும் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டங்களை நடத்துகின்றன. பராமரிப்புச் செலவை ஏற்பவர் ஆமையை நேரில் போய்ப் பார்த்து வரலாம்.

சுருக்கமாக, நட்சத்திர ஆமையை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வெளிநாட்டு ஆமை என்றால், தாள்களைச் சரிபார்த்து, குஞ்சை நேரில் பார்த்து, ஐம்பது ஆண்டுப் பொறுப்பை ஏற்க முடியும் என்று உறுதியான பின்னரே வாங்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது.