வந்து போகும் பழுதும் உத்தரவாதமும்

பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம், ஒன்பதாண்டுத் தவணையில் ஒரு புதிய கார் வாங்குவதுதான். அதனுடன் உத்தரவாதப் புத்தகம் ஒன்றும் தருவார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை, கூட்டரசு நெடுஞ்சாலையின் நடுத்தடத்தில், பின்னிருக்கையில் அம்மா இருக்க, என் கார் திடீரென்று நின்றுபோகும் வரை.

எப்படியோ ஓரங்கட்டி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடவாததுபோல் கிளம்பியது. மறுநாள் விற்பனை நிறுவனத்தின் சேவை மையத்தில் விட்டேன். மாலையில், “தம்பி, கணினியில ஒன்னும் காட்டலையே, வண்டி நல்லாத்தானே இருக்கு” என்றார் அங்கிருந்த அண்ணன். இரண்டு வாரத்தில் மீண்டும் நின்றது. மீண்டும் அதே பதில்.

அவர் பொய் சொல்லவில்லை என்பது பின்னர்தான் புரிந்தது. இயந்திரத்தின் சுழல்தண்டு எந்த நிலையில் உள்ளது என்று கணினிக்கு அறிவிக்கும் உணர்வி ஒன்று உண்டு. அது கெடத் தொடங்கினால், சூடேறும்போது சமிக்ஞை அறுந்து இயந்திரம் நின்றுவிடக்கூடும். ஆறியதும் மறுபடி வேலை செய்யும். தளர்ந்த மின்னிணைப்பும் அப்படித்தான், குலுங்கும்போது மட்டுமே தன்னைக் காட்டும். காலை முழுதும் பட்டறையில் ஆறிக் கிடந்த காரில் இதையெல்லாம் தேடினால் எங்கே கிடைக்கும்?

ஆகவே பழுதைப் பிடித்துக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. நின்ற நாள், நேரம், ஓடிய கிலோமீட்டர், எவ்வளவு நேரம் ஓட்டிய பின் நின்றது, மழையா வெயிலா, எச்சரிக்கை விளக்கு எரிந்ததா என்று எழுதிவைக்க வேண்டும். உடன் இருப்பவர் கைப்பேசியில் படம் பிடித்தால் இன்னும் நல்லது. பழுதுக் குறியீட்டுடன் அந்நேரத்து வேகம், இயந்திரச் சூடு போன்ற விவரங்களையும் காரின் கணினி சேமித்து வைக்கக்கூடும். மின்கலத்தைக் கழற்றி மாட்டினால் அவை அழிந்துபோகலாம். நல்லெண்ணத்தோடு நண்பர் ஒருவர் எனக்கு அதைத்தான் செய்து தந்தார்!

சேவை மையத்தில் வாய்ச்சொல் போதாது. வேலைத்தாளில் ‘பொதுச் சோதனை’ என்று எழுதினால் விட்டுவிடாதீர்கள். ‘நாற்பது நிமிடம் ஓடிய பின் இயந்திரம் தானே நிற்கிறது’ என்று நாம் சொன்னபடியே எழுதச் சொல்லி நகல் வாங்க வேண்டும். பழுது காணப்படவில்லை என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். உத்தரவாதம் முடிந்த பிறகு அதே பழுது தலைகாட்டினால், முன்பே முறையிட்டோம் என்பதற்கு இந்தத் தாள்கள்தாம் சான்று.

உத்தரவாதப் புத்தகத்தோடு நம் உரிமை முடிந்துவிடுவதில்லை. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். கோரிக்கையின் உச்சவரம்பு 2019இல் 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. சிங்கப்பூரிலோ 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த விதிப்படி, பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு.

நான் மன்றம் வரை போகவில்லை. மூன்றாம் முறை வண்டியை விட்டுவிட்டு வராமல், “அண்ணே, ஒரு மணி நேரம் என்கூட வாங்க, நீங்களே ஓட்டிப் பாருங்க” என்றேன். தயங்கினார், என் குறிப்புகளைப் பார்த்ததும் சோதனைக் கருவியை எடுத்துக்கொண்டு வந்தார். கிள்ளான் வரை ஒன்றுமில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. திரும்பும் வழியில், ஷா ஆலம் அருகே, அவர் கையிலேயே வண்டி நின்றது. ஓரங்கட்டி, சாவியை அணைக்கும் முன்பே குறியீட்டைப் படித்தார். அதே உணர்விதான். அன்று மாலையே மாற்றித் தந்தார்கள், கட்டணம் இல்லை. அம்மா மட்டும் இன்றும் பின்னிருக்கையில் ஏறியதும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறார்.